சுண்டுவிரல் நுழையும் இடம்

மலர், அன்பு, ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. எட்டாவதோடு நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவன். பிழை இருந்தால் பென்சிலால் திருத்திக்கொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம்.

அன்பு, வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக் கண்காட்சியிலிருந்து நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாய். தொட்டி நிரம்பினால் மணி அடிக்கிற மாதிரி, சைக்கிள் மணியையும் மிதவையையும் சேர்த்துச் செய்திருந்தாய். பார்க்க வந்த பெரியவர் ஒருவர், "மணியும் இருக்கு, மிதவையும் இருக்கு. ரெண்டையும் ஒட்டி வச்சதுல நீ என்னப்பா புதுசா பண்ணே?" என்று கேட்டாராம். நீ சாப்பிடவில்லை. எனக்கும் அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் இதே கேள்வியை இன்னொருவரிடமும் கேட்டார்கள். அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு அவர் சென்னை வரைக்கும் போனார். கூடப் போனவன் நான். அதைத்தான் எழுதுகிறேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் நம் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. கள்ளக்குறிச்சியிலும் மலையிலும் அவர் 'இரும்புக்கார அக்கா', அவ்வளவுதான். சந்தை சந்தையாக அரிவாள், களைக்கொத்து, மண்வெட்டி விற்பவர். பட்டறையில் வெறும் இரும்பாக வாங்குவார், மரப்பட்டறையில் வெறும் பிடியாக வாங்குவார், ரெண்டையும் தானே பூட்டி விற்பார். சேர்ப்பதுதான் அவர் தொழில். ஆனால் தொழிலோடு அது நிற்கவில்லை. தனித்தனியாகக் கிடக்கும் எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை பரபரக்கும்.

"தனியா கெடந்தா தூங்கிக்கினு கெடக்கும் தம்பி. ஜோடி சேத்து வுடு, வேல செய்யும்" என்பார்.

அப்போது நான் கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். சந்தை நாளில் முன் சீட்டு அக்காவுக்கு. இரும்பு மூட்டை அவர் காலடியில். ஏறுவதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு சண்டை நடக்கும்.

"ஒரு டம்ளர்ல பாதி டீ, பாதி காபி."

"யக்கா, ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"ரெண்டுந்தான் சொல்றேன். ஒனக்கு ஒரு காதுதான் கேக்குதா?"

"வயிறு கலக்குச்சுன்னா எங்கடைய சொல்லக்கூடாது, ஆமா."

குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். "டீயும் கெட்டுச்சு, காபியும் கெட்டுச்சு. பரவால்ல. அடுத்த வாட்டி காபிய கொஞ்சம் கம்மி பண்ணு." பல வருஷம் அந்தக் கடையில் காபி கம்மியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் அவர் குடித்தது வெறும் டீதான். ஆனாலும் கேட்கும்போது "பாதி காபி" என்றுதான் கேட்பார். மாஸ்டரும் "சரி" என்பார்.

குடைக்கம்பியில் டார்ச் லைட்டைக் கட்டி வைத்திருந்தார். மழையில் இருட்டினால் வெளிச்சம் வேண்டாமா என்பார். குடையை விரித்தால் வெளிச்சம் அவர் உச்சந்தலையில்தான் விழும், வழியில் விழாது. எதிரே வருகிறவர்கள்தான் பயந்தார்கள். அடுப்பு ஊதுகிற குழலின் இன்னொரு முனையை வளைத்து இடுக்கி மாதிரி ஆக்கினார். அதை வாங்கிக்கொண்டு போன அம்மா ஒருத்தி சூட்டோடு வாயில் வைத்துவிட்டு, மறு சந்தையில் வந்து பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

மனிதர்களையும் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் மலை ஏறும்போது, கொண்டை ஊசி வளைவில் நான் ஹாரன் அடித்து முடித்ததும் சொன்னார்:

"ஒன் ஜீப்புக்காச்சும் ஹாரன் இருக்குது. ஒனக்கு அதுவும் இல்ல. வாயத் தொறக்க மாட்டேன்ற. மணலூர்பேட்டையில ஒரு பொண்ணு கீது, பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா. ரெண்டையும் சேத்தா கரெக்டா இருக்கும்."

அந்தப் பெண் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுப்படியில் இப்போதும் பேச்சுச் சத்தம் கேட்கிறது. "அவங்க பண்ணதுலயே உடையாம ஓடற சாமான் நாமதான்" என்று உங்கள் அம்மா அடிக்கடி சொல்வாள்.

ஏனென்றால் மற்றவை உடைந்தன. அதிலே பெரிய உடைசல் கொத்தரிவாள். ஒரே பிடி, ஒரு முனையில் களைக்கொத்து, மறுமுனையில் அரிவாள். களை வெட்டிக்கொண்டே புல்லும் அறுக்கலாம், ரெண்டு சாமான் சுமக்க வேண்டாம் என்பது அக்காவின் கணக்கு. குனிந்து கொத்தை வீசினால் பின்னால் இருக்கிற அரிவாள் தோளை நோக்கி வரும் என்பதை அவர் யோசிக்கவில்லை. முதல் நாளே ஒரு பெண்ணின் ரவிக்கைக் கை கிழிந்தது. நல்ல வேளை, ரவிக்கையோடு போயிற்று. அக்கா அத்தனையையும் திருப்பி வாங்கிக்கொண்டார். ஆனால் தன் வீட்டில் ஒன்றைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். "யோசன தப்பில்ல தம்பி. புடிதான் குட்டை" என்பார்.

இப்போது கிழங்குக்கு வருகிறேன்.

மலையிலும் அடிவாரத்திலும் குச்சிக்கிழங்கு போடுகிறார்கள் இல்லையா, மரவள்ளி என்று நீங்கள் புத்தகத்தில் படிப்பது. ஈரம் இருக்கும்போது குச்சியைப் பிடித்து இழுத்தால் கிழங்கோடு வரும். வெயில் காலத்தில் மண் இறுகிவிடும். இழுத்தால் குச்சி முறியும், கிழங்கு உள்ளேயே நிற்கும். கடப்பாரையால் தோண்டினால் கிழங்கு வெட்டுப்படும், வெட்டுப்பட்டதை ஜவ்வரிசி ஆலைக்காரன் ஒதுக்குவான். இழுத்து இழுத்துப் பெண்களுக்கு இடுப்பு போய்விடும்.

கம்பு வைத்து நெம்பிப் பார்த்தவர்கள் உண்டு. குச்சியைக் கயிற்றால் கம்பில் கட்டுவார்கள், கயிறு வழுக்கும். அக்காவுக்கு வேறு ஒரு யோசனை வந்தது. கள்ளக்குறிச்சியில் போர்வெல் போடுகிறவர்கள் வைத்திருக்கும் செயின் ரெஞ்சைப் பார்த்திருக்கிறார். குழாயைச் சுற்றிச் செயினைப் போட்டுத் திருகுவார்கள், எவ்வளவு திருகுகிறோமோ அவ்வளவு பிடிக்கும். அதையும் நெம்புகோலையும் சேர்த்தால்?

சேர்த்தார். ஒரு நீளக் குழாய்க் கம்பு, கீழே மண்ணில் ஊன்ற ஒரு தகட்டுக் கால், அதற்கு முன்னால் ஒரு மூக்கு, மூக்கில் பழைய சைக்கிள் செயின், மாட்ட ஒரு கொக்கி. செயினைக் குச்சியைச் சுற்றி இறுக்கி மாட்டிக் கம்பை அழுத்தினால் மூக்கு மேலே போக வேண்டும், கிழங்கு வர வேண்டும். மூக்கு போயிற்று. கிழங்கு வரவில்லை. செயின் குச்சியின் தோலை உரித்துக்கொண்டு வழுக்கி மேலே வந்துவிட்டது. இன்னும் இறுக்கினார், இன்னும் நன்றாகத் தோல் உரிந்தது. அவரிடம் வாங்கிப் பார்த்தவர்கள் அவரைவிட இறுக்கினார்கள், அப்படியே கொண்டுவந்து போட்டார்கள். "தோலுரிக்கிற மெஷினு" என்று சந்தையில் பெயரே வைத்துவிட்டார்கள்.

ஒரு பங்குனியில் நான் கிழங்கு ஏற்றப் போயிருந்தேன். வெள்ளிமலைக்குக் கீழே ஒரு கிழங்குக் காடு. அக்கா விடாமல் அங்கேயும் அதைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். காட்டுக்கார அம்மா கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்க, அக்கா குனிந்து செயினை மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டி முடிவதற்குள் அந்த அம்மா அவசரப்பட்டுக் கம்பை அமுக்கிவிட்டது. அக்காவின் சுண்டுவிரல் குச்சிக்கும் செயினுக்கும் நடுவில்.

"ஐயோ!" என்று ஒரு கத்தல். நான் ஓடினேன். காட்டுக்கார அம்மா கம்பை விடப் போனது.

"வுடாத! வுடாத! அமுக்கு!" என்று அக்கா கத்தினார்.

"யக்கா, வெரலு!"

"வெரலு கெடக்குது. புடிச்சிக்கிச்சு பாரு! புடிச்சிக்கிச்சு!"

மண் வெடித்து, கிழங்குக் கொத்து முழுசாக மேலே வந்தது. ஒரு வேர் அறவில்லை. அக்கா உட்கார்ந்துவிட்டார். நகம் நசுங்கி ரத்தம். கண்ணில் தண்ணீர். வாயில் சிரிப்பு. அன்றைக்கு அவர் கண்டுபிடித்தது இதுதான்: செயினை இறுக்கினால் வழுக்கும், தொளதொளவென்று விட்டால் பிடிக்கும். சைக்கிள் செயின் ஒரு வாக்கில்தான் மடங்கும், பக்கவாட்டில் மடங்காது. தளர்வாக இருந்தால் மூக்கு தூக்கும்போது அது சாய்கிறது. சாய்ந்த வளையம் குச்சியைக் கடித்துக்கொள்கிறது. எவ்வளவு தளர்வு என்றால், சுண்டுவிரல் நுழைகிற அளவு. அதற்குப் பிறகு விற்கும்போதெல்லாம், நகம் போன அந்த விரலைச் செயினுக்குள் விட்டுக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பார்.

கிழங்குப் பிடுங்கி நன்றாக ஓடியது. அக்கா அதைச் சாக்கு போட்டு மூடியே வைத்திருப்பார், வாங்க வருகிறவர்களுக்கு மட்டும் திறந்து காட்டுவார். மூடி என்ன பயன்? உளுந்தூர்பேட்டையில் ஒரு பெரிய இரும்புக்கடை அதே மாதிரி செய்து, பச்சை பெயிண்ட் அடித்து, கடை பெயரை எழுதித் தொங்கவிட்டது. அதுகூட அக்காவைச் சுடவில்லை. ஒரு சந்தையில் ஒருவன் வந்து அக்காவின் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உளுந்தூர்பேட்ட கடையில பாத்துட்டு வந்து பண்ணியா? பெயிண்டு அடிக்கலியே" என்றான்.

அக்கா எப்போதும் சுடச்சுடப் பதில் சொல்பவர். அன்று சாமானை வாங்கிச் சாக்கில் சுற்றிக்கொண்டார். மலை இறங்கும்போது ஜீப்பில் கேட்டார்: "தம்பி, நீ அன்னைக்கி காட்டுல இருந்தே இல்ல? பாத்தே இல்ல?"

"பாத்தேன்க்கா."

"அப்ப சரி." கொஞ்ச தூரம் கழித்து மறுபடியும்: "பாத்தே இல்ல?"

கள்ளக்குறிச்சியில் பொறியியலும் சட்டமும் படித்த ஒரு வக்கீலம்மா இருந்தார். அவர் அப்பாவுக்கு அடிவாரத்தில் கிழங்குக் காடு. அவர்தான் சாமானைப் பார்த்துவிட்டு, "இதுக்கு காப்புரிமை கேக்கலாம்க்கா" என்றார். அப்படியென்றால் என்ன என்று அக்கா கேட்டார். "இது எப்படி வேல செய்யுதுன்னு ஒளிக்காம அரசாங்கத்துக்கு எழுதிக் குடுக்கணும். அவங்க புதுசுன்னு ஒத்துக்கிட்டா, இத்தன வருஷத்துக்கு உங்க அனுமதி இல்லாம யாரும் பண்ணக்கூடாது. அதுக்கப்பறம் ஊருக்கே சொந்தம்."

"ஒளிக்காமயா?" அக்கா சாக்கைப் பார்த்தார். "எழுதிக் குடுத்துட்டா எல்லாவனும் படிச்சிட்டுப் பண்ணுவானே?"

"படிக்கட்டும். பண்ணாதன்னு சொல்ற உரிம உங்களுது. சொல்லிக் குடுத்ததுக்குத்தான் அந்த உரிம."

அக்காவுக்கு அந்தப் பண்டமாற்று பிடித்துப்போயிற்று. அதுவும் ஒரு ஜோடிதானே. எழுதிக் கொடுத்தார்கள்.

ரொம்ப நாள் கழித்துக் காப்புரிமை அலுவலகத்திலிருந்து ஆட்சேபணை வந்தது. குழாயைப் பிடிக்கும் செயின் ரெஞ்சு ஏற்கனவே உண்டு. செடியை நெம்பிப் பிடுங்கும் கோலும் வெளிநாட்டில் ஏற்கனவே உண்டு. ரெண்டும் தெரிந்த தொழில்காரர் எவருக்கும் சேர்க்கத் தோன்றும். ஆகவே இது புதுசில்லை. விசாரணைக்கு வாருங்கள்.

வக்கீலம்மா எங்களுக்கு விளங்க வைத்தார். அன்பு, வெள்ளிக்கிழமை என்னால் உனக்குச் சொல்ல முடியாததும் இதுதான். "உங்க கொத்தரிவாள் இருக்குல்லக்கா, அதுல கொத்து கொத்து வேலய பாக்குது, அரிவா அரிவா வேலய பாக்குது. ஒரே வூட்ல இருந்துக்கிட்டு பேசாத ரெண்டு பேரு மாதிரி. அதுக்கு தரமாட்டாங்க. சேந்ததுக்கப்பறம் ரெண்டுலயும் இல்லாத ஒண்ணு வரணும். அதுவும், தொழில் தெரிஞ்சவங்க இதுதான் வரும்னு முன்னாடியே எதிர்பார்க்காத ஒண்ணா இருக்கணும்."

சுவரில் மாட்டியிருந்த கொத்தரிவாளை நினைத்தோ என்னவோ, அக்காவுக்கு முகம் சின்னதாகிவிட்டது.

சென்னைக்கு மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். சாக்கில் சுற்றிய கிழங்குப் பிடுங்கியைப் பார்த்து நடத்துனர், "இன்னாம்மா, துப்பாக்கியா?" என்றார். "ஆமா, கேள்வி கேக்கறவன சுடறதுக்கு" என்றார் அக்கா. வழியெல்லாம் வக்கீலம்மா ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். "நீங்க பேசாதீங்க. நான் பேசிக்கறேன்."

அலுவலகத்தில் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. ரெண்டாம் முறை கூப்பிட்டபோது நான் தொட்டேன். "என்னியவா?" என்றார். அந்தப் பெயரால் அவரை யாராவது கூப்பிட்டு எத்தனை காலமோ.

அதிகாரி கண்ணாடி போட்டவர், அமைதியானவர். காகிதங்களை எல்லாம் உண்மையாகவே படித்திருந்தார். வக்கீலம்மா பேசினார், அவர் கேட்டுக்கொண்டார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

"நல்லா பண்ணியிருக்கீங்கம்மா. ஒண்ணு கேக்கறேன். செயின் ரெஞ்சு தெரிஞ்சவரு, நெம்புற கம்பு தெரிஞ்சவரு, ரெண்டையும் சேத்துப் பாக்க மாட்டாரா?"

இங்கேதான் எல்லாம் கவிழ்ந்தது. பிள்ளைகளே, நம் வீடுகளில் யாராவது குழம்பு நன்றாக இருக்கிறது என்றால் என்ன சொல்வோம்? "இதுல இன்னா இருக்குது, சும்மா கொதிக்க வச்சேன்" என்போம். அவர் "நல்லா பண்ணியிருக்கீங்க" என்று சொன்னாரா, அக்காவுக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு கையை விசிறினார்.

"அட போங்க சார். இதுல இன்னா பெரிய இது இருக்குது? எவன் வேணாலும் பண்ணுவான்."

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஆட்சேபணையில் இருந்ததையே அக்காவும் ஒத்துக்கொண்டுவிட்டார். அதிகாரி பேனாவை எடுத்தார். சந்தையில் எவனோ கேட்டதற்குப் பதிலில்லாமல் உட்கார்ந்திருந்த முகம் எனக்குத்தானே தெரியும்.

எழுதப் போனவர் நிறுத்தினார். "எவன் வேணாலும் பண்ணுவான்னா, ஏம்மா யாரும் பண்ணல?"

"பண்ணாங்களே சார்."

வக்கீலம்மா "அக்கா!" என்றார்.

"ஆமா, பண்ணாங்க. நானும் பண்ணேன். வேலதான் செய்யல."

"ஏன்?"

"வழுக்கிடும். தோலு உரியும்."

"இப்ப மட்டும்?"

அக்கா நகம் இல்லாத சுண்டுவிரலை நீட்டிக் காட்டினார். காட்டில் நடந்ததை வக்கீலம்மா சொல்ல, அதிகாரி எழுந்து வந்தார். சாக்கைப் பிரிக்கச் சொன்னார். உருண்டைக் கால் மேசை ஒன்று ஓரமாகக் கிடந்தது. அதன் காலில் அவரே செயினைச் சுற்றினார். எல்லாரும் செய்வது போலத்தான் செய்தார், நன்றாக இழுத்து இறுக்கி மாட்டினார். கம்பை அழுத்தினார். செயின் கிறீச்சென்று வழுக்கிக்கொண்டு போயிற்று.

"வுடுங்க சார்" என்று அக்கா குனிந்தார். ரெண்டு கண்ணி தள்ளி மாட்டினார். சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்து எடுத்துக்கொண்டார். "இப்ப அமுக்குங்க. மெதுவா."

மெதுவாகத்தான் அமுக்கினார். மேசை ஒரு காலில் எழும்பி, மேலே இருந்த கோப்புகள் எல்லாம் சறுக்கி வக்கீலம்மா மடியில் விழுந்தன.

அதிகாரி சிரித்துவிட்டார். அப்புறம் கம்பைப் பிடித்தபடியே குனிந்து செயினைப் பார்த்தார். "அம்மா, கம்பையும் செயினையும் சேத்தது உங்களுது இல்ல. அது யாருக்கும் தோணும். ஆனா சேத்த எல்லாரும் இறுக்கத்தான் செய்வாங்க, நானும் இறுக்கினேன். நடுவுல நீங்க விட்ட இடம் இருக்கு பாருங்க, அதுதான் உங்களுது. மொத்தத்துக்கும் கேக்காதீங்க. அதுக்கு மட்டும் கேளுங்க." வக்கீலம்மாவைப் பார்த்து, கேட்பதைச் சுருக்கித் திருத்தி எழுதித் தரச் சொன்னார்.

எங்களுக்கு யாருக்கும் அது தோன்றவில்லை. அக்கா, வக்கீலம்மா, கூடவே இருந்து பார்த்த நான், எல்லாரும் சேர்த்ததையேதான் பேசிக்கொண்டிருந்தோம். விட்டதைப் பார்த்தவர் அவர்தான்.

வக்கீலம்மா சந்தோஷத்தில் பஸ்ஸில் ஏறியதும் தூங்கிப்போனார். அக்கா தூங்கவில்லை. உளுந்தூர்பேட்டையில் பஸ் நின்றபோது கீழே இறங்கி நின்றோம்.

"இன்னா தம்பி இது?" என்றார். "பொறந்ததுலேர்ந்து சேத்துக்கினுதான் திரியறேன். அந்தாளு, சேத்தது ஒண்ணும் ஒன்னுது இல்ல, வுட்டதுதான் ஒன்னுதுன்றாரு."

"குடுக்கறாரில்லக்கா. அது போதாதா?"

"போதும். போதாதுன்னு யாரு சொன்னா?" புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெரலு மாட்டிக்கினதுக்குப் பேரா, மூளைக்குப் பேரான்னுதான் புரியல."

அவர் சொன்னது போல எனக்கு ஹாரன் கிடையாது. வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன். பாதி தின்றுவிட்டு, "அந்தக் கொத்தரிவாளுக்கு, புடிய நீட்டிப்புட்டா கேக்கலாமா?" என்றார்.

காகிதம் வந்தது. அதில் அவர் பெயர் முழுசாக அச்சடித்திருந்தது. ஊரெல்லாம் காட்டினார். "இன்னாக்கா, கம்பும் செயினும் உன்னுதா?" என்று கேட்டால், "இல்ல. இது" என்று சுண்டுவிரலைக் காட்டுவார். காகிதம் நைந்துபோகாமல் இருக்க லேமினேஷன் போட்டார். போட்டதுதான் போட்டார், காகிதத்தை நாலாக மடித்து ரேஷன் கார்டோடு முதுகுக்கு முதுகு சேர்த்து ஒன்றாகப் போட்டுவிட்டார். ரேஷன் கடைக்காரர் கார்டைத் திறக்க முடியாமல் திட்டினார். "பத்திரமா கெடக்கட்டும்னு சேத்தேன்" என்றார் அக்கா. கடைசியில் கத்தி வைத்துப் பிரித்ததில் ரெண்டும் ஓரம் கிழிந்தது.

வக்கீலம்மா உளுந்தூர்பேட்டைக் கடைக்கு நோட்டீஸ் அனுப்பினார். கடைக்காரர் கெட்டிக்காரர். சண்டைக்கு வரவில்லை. காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, தன் சாமானில் செயினை இறுக்கிவிட்டார். தளர்வு அக்காவுடையது என்றால் இறுக்கம் யாருடையதும் இல்லையே. 'நன்றாக இறுக்கி மாட்டவும்' என்று எழுதியே ஒட்டினார். பெயிண்ட் அழகாக இருந்ததால் அதுவும் விற்றது. வாங்கிப்போனவர்கள் கொஞ்ச நாளில் மூலையில் போட்டார்கள், அல்லது அக்காவிடம் வந்தார்கள். அக்கா அதைத் தொட மாட்டார். "எந்தக் கடையில வாங்கினியோ அங்க போ. அது அவனுது" என்பார். அந்த ஒரு விஷயத்தில் அவர் கொஞ்சம் கல்நெஞ்சுதான். எனக்கு அது பிடிக்காது, ஆனால் சொல்லவில்லை.

மலர், நீ கைக்குழந்தையாக இருந்தபோது, ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு அக்கா போய்விட்டார். அவருக்குப் பிறகு அந்தச் சாமானைச் செய்ய ஆள் இல்லை. காப்புரிமையை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டுமாம், யாரும் புதுப்பிக்கவில்லை. போன வருஷம் வக்கீலம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தபோது கேட்டேன். "அது காலாவதியாகி ரொம்ப நாள் ஆச்சுண்ணே. இப்ப யார் வேணாலும் பண்ணலாம். ஊர் சொத்து" என்றார்.

ஆனால் யாரும் பண்ணவில்லை. மலையில் இன்னும் வெயில் காலத்தில் பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிழங்கு இழுக்கிறார்கள். பச்சைப் பெயிண்ட் அடித்தது வீட்டுக்கு வீடு மூலையில் கிடக்கிறது.

இந்தப் பங்குனி பிறந்ததும் ஜீப்புக்கு ஒரு சாமான் வாங்க உளுந்தூர்பேட்டை போயிருந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அந்தக் கடை வாசலில் கிழங்குப் பிடுங்கிகள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்தேன். பார்வைக்காக ஒவ்வொன்றின் செயினிலும் குச்சி மாதிரி ஒரு மூங்கில் துண்டை மாட்டி வைத்திருந்தார்கள். இறுக்கி, மிச்சச் செயின் கீழே தொங்கியது. கடைக்காரர் உள்ளே யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

அக்கா இருந்திருந்தால் திட்டுவாரோ என்று தோன்றியது. பிறகு முதலாவதை எடுத்துக் கொக்கியைக் கழற்றி, ரெண்டு கண்ணி தள்ளி மாட்டினேன். என் சுண்டுவிரல் தடிமன், நுழையவில்லை. இன்னும் ஒரு கண்ணி விட்டேன். நுழைந்தது. கம்பைத் தரையில் ஊன்றி லேசாக அமுக்கிப் பார்த்தேன். மூங்கிலைக் கடித்துக்கொண்டது. இறுக்கச் சொல்லி ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, இருந்த இடத்தில் தொங்கவிட்டேன்.

கள்ளக்குறிச்சி பஸ் வந்து நின்றது. நடத்துனர் ரெண்டு முறை கூப்பிட்டார். நான் வரிசையில் அடுத்ததை எடுத்தேன்.